பக்கத்துச் செல்லில் படியும் புரதம்

நடுமூளையைக் குறுக்கே வெட்டினால் இரு பக்கமும் கருப்பாக ஒரு பட்டை தெரியும். ‘சப்ஸ்டான்ஷியா நைக்ரா’ என்று மருத்துவர்கள் சொல்லும் இடம் அது. பார்க்கின்சன் நோயோடு பல வருடம் வாழ்ந்து இறந்தவரின் மூளையில் அந்தக் கருமை வெளிறிப்போயிருக்கும். அதைப் பார்க்க நுண்ணோக்கி வேண்டாம், வெறுங்கண்ணே போதும். டோபமின் என்ற வேதிப்பொருளைத் தயாரித்து உடம்பின் அசைவுகளைச் சீராக வைத்திருந்த நரம்பணுக்கள் அங்கே செத்துப்போயிருக்கின்றன. அவற்றோடு அவற்றின் கருநிறமியும் போய்விட்டது.

இனி நுண்ணோக்கி. அந்தப் பட்டையிலிருந்து, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூடத் தடிமன் இல்லாத சீவல் ஒன்றை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, வழக்கமான இளஞ்சிவப்புச் சாயத்தை ஏற்றுகிறார்கள். மிச்சமிருக்கும் நரம்பணு ஒன்றுக்குள் உருண்டையாக ஏதோ தெரிகிறது. நடுவே அடர்ந்த சிவப்பு, சுற்றிலும் வெளிறிய வளையம். 1912-ல் மியூனிக் நகரில், அலோய்ஸ் அல்சைமரின் ஆய்வகத்தில் வேலை பார்த்த பிரெடரிக் லூயி என்ற இளம் மருத்துவர்தான் இத்தகைய உருண்டைகளை முதலில் விவரித்தார். அவர் பார்த்தது மூளையின் வேறு பகுதிகளில். இந்தக் கருப்புப் பட்டைக்குள்ளும் அவை இருப்பதை 1919-ல் பாரிஸில் கான்ஸ்டான்டின் ட்ரெட்டியாகாஃப் கண்டு, லூயியின் பெயரையே அவற்றுக்கு வைத்தார். யூதரான லூயி 1933-ல் நாஜிகளால் வேலையை இழந்தார். பிறகு அமெரிக்கா போய், 1950-ல் அங்கேயே காலமானார். அந்த உருண்டை எதனால் ஆனது என்று அவர் காலத்தில் யாருக்கும் தெரியாது.

பார்க்கின்சன் என்றால் நரம்பணுவின் நோய், லூயி உருண்டைதான் அதன் அடையாளம் என்றே பாடப்புத்தகங்கள் பல தலைமுறைகளாகச் சொல்லிவந்தன. அதில் தவறில்லை. ஆனால் அதே சீவலில், செத்துக்கொண்டிருக்கும் நரம்பணுவுக்கு அடுத்தாற்போல் இருக்கும் செல்களுக்குள்ளும் அதே புரதம் குவிந்து கிடக்கிறது. வெகுகாலம் அது கண்ணில் படவில்லை. பட்ட பிறகும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டவர்கள் குறைவு. புரதம் எது என்பதைப் போலவே, அது எந்தச் செல்லுக்குள் கிடக்கிறது என்பதும் நோயின் போக்கை மாற்றுகிறது என்பதற்கு இன்று வலுவான ஆதாரங்கள் சேர்ந்துவிட்டன. மருந்து தேடுகிறவர்கள் மட்டுமல்ல, வீட்டில் ஒரு பார்க்கின்சன் நோயாளியை வைத்துக்கொண்டு தினமும் மாத்திரை நேரம் பார்க்கும் குடும்பங்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

கவனிக்கப்படாத பாதி

நம் மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. கிட்டத்தட்ட அதே அளவுக்கு நரம்பணு அல்லாத செல்களும் இருக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை ‘கிளியா’ எனப்படும் ஆதரவு செல்கள். நரம்பணுவைவிட இவை பத்து மடங்கு அதிகம் என்று பழைய புத்தகங்களில் போட்டிருக்கும். பிரேசில் நாட்டு அறிவியலாளர் சுசானா ஹெர்குலானோ-ஹூசெல் குழுவினர் 2009-ல் எண்ணிக் காட்டியபோதுதான் அந்தக் கணக்கு சரியில்லை என்று தெரிந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இவற்றை விவரித்த ஜெர்மன் நோயியல் அறிஞர் ருடால்ஃப் ஃபிர்கோ, நரம்புகளைப் பிடித்துவைக்கும் இடைநிரப்பு என்றே கருதினார். அந்த எண்ணம் நூறு வருடத்துக்கும் மேலாக நீடித்தது. உண்மையில் இவை பார்க்கும் வேலைகள் ஏராளம். நட்சத்திரம்போல் கிளைவிட்டுப் படர்ந்திருக்கும் ஆஸ்ட்ரோசைட்டுகள் நரம்பணுவுக்கு எரிபொருள் கொடுக்கின்றன. அது வெளியே கொட்டும் பொட்டாசியத்தையும் குளூட்டமேட்டையும் உடனுக்குடன் உறிஞ்சிக்கொள்கின்றன. மூளைக்குள் ஓடும் ரத்தக்குழாய்களைத் தங்கள் நுனிகளால் சுற்றிப் பிடித்திருக்கின்றன. மைக்ரோகிளியா என்ற சிறிய செல்கள் மூளையின் நோய் எதிர்ப்புப் படை. செத்த செல், கிருமி, கழிவு எதுவானாலும் விழுங்கிச் செரிக்கப் பார்க்கும். ஆலிகோடென்ட்ரோசைட்டுகள் நரம்பிழைகளின் மேல் கொழுப்பு உறை போர்த்துகின்றன. பின்னால் சொன்ன இரண்டையும் தனித்தனி வகைகளாகப் பிரித்துக் காட்டியவர் ஸ்பெயின் நாட்டின் பியோ டெல் ரியோ ஒர்ட்டேகா. வருடம் 1919.

கருப்புப் பட்டையின் நரம்பணுவுக்கு இந்த உதவி மற்றவற்றைவிட அதிகம் தேவை. யாரும் தூண்டாமலே அது ஓயாமல் மின்துடிப்பு எழுப்பிக்கொண்டிருக்கும். அதன் இழை ஒன்றே கிளை கிளையாகப் பிரிந்து லட்சக்கணக்கான இணைப்புகளைத் தாங்குகிறது. இவ்வளவு செலவுக்காரச் செல் அக்கம்பக்கத்து உதவி இல்லாமல் எழுபது, எண்பது வருடம் தாக்குப்பிடிக்க முடியாது. அந்த அக்கம்பக்கமே நோய்ப்பட்டால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

இத்தாலியக் கிராமத்திலிருந்து ஒரு புரதம்

தெற்கு இத்தாலியில் சலேர்னோ மாகாணத்தில் கொந்தூர்சி என்று ஒரு சிற்றூர். அங்கிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த குடும்பம் ஒன்றில் தலைமுறை தலைமுறையாகப் பார்க்கின்சன் வந்துகொண்டிருந்தது. அதுவும் நாற்பதுகளிலேயே. நியூஜெர்சி மருத்துவர்கள் லாரன்ஸ் கோல்ப், ரோஜர் டுவாய்சின் இருவரும் அந்த வம்சத்தின் கிளைகளைக் கடலுக்கு இருபுறமும் தேடிப்போய்ப் பதிவு செய்தார்கள். பார்க்கின்சன் பரம்பரை நோய் அல்ல என்று பெரும்பாலோர் நம்பிய காலம் அது. 1997-ல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் மிஹாலிஸ் பாலிமெரோபூலோஸ் குழு, அந்தக் குடும்பத்தாரிடமும் சில கிரேக்கக் குடும்பங்களிலும் ஒரே மரபணுப் பிழையைக் கண்டுபிடித்தது. நான்காவது குரோமோசோமில் இருக்கும் அந்த மரபணு தயாரிப்பது ஆல்ஃபா சினூக்ளின் என்ற புரதம். மொத்தம் 140 அமினோ அமிலங்கள் கோத்த சின்னப் புரதம். அதில் 53-வது இடத்தில் ஒன்றே ஒன்று மாறியிருந்தது.

அதே ஆண்டு கேம்பிரிட்ஜில் மரியா கிராசியா ஸ்பில்லன்டினியும் மிஷேல் கோடர்ட்டும், பரம்பரைப் பிழை எதுவும் இல்லாத சாதாரணப் பார்க்கின்சன் நோயாளிகளின் மூளைச் சீவல்களில் ஆல்ஃபா சினூக்ளினைத் தேடிப்போகும் எதிர்ப்புரதத்தை (ஆன்டிபாடி) ஏற்றிப் பார்த்தார்கள். லூயி உருண்டைகள் அத்தனையும் நிறம் பிடித்துத் துலங்கின. 85 வருடப் புதிர் அவிழ்ந்தது. 2003-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்துக் குடும்பம் ஒன்று இன்னொரு உண்மையைச் சொல்லிக்கொடுத்தது. அவர்களுடைய மரபணுவில் பிழையே இல்லை, கூடுதல் படிகள் மட்டும் இருந்தன. புரதம் அளவுக்கு மீறிச் சுரந்தாலே நோய் வரப் போதும் என்று அதிலிருந்து தெரிந்தது.

இந்தப் புரதம் நம் எல்லோரிடமும் இருக்கிறது. நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசும் முனைகளில் வேதிப்பொருளை வெளிவிடும் வேலைக்கு உதவுகிறது. இழை பிரிந்து தளர்வாக இருக்கும்வரை தொந்தரவில்லை. மடிப்பு தவறி ஒன்றோடொன்று ஒட்டி இழைகளாக அடுக்கத் தொடங்கினால் அதை உடைத்து அகற்றுவது கடினம். ஒட்டிய ஒன்று, பக்கத்தில் ஒழுங்காக இருப்பதையும் தன்னைப்போல் மடியவைக்கிறது. நோயாளிகளின் மூளையில் பதித்த இளம் நரம்பணுத் திசுக்களில், பத்து வருடத்துக்கும் மேலான பிறகு லூயி உருண்டைகள் முளைத்திருந்ததை 2008-ல் கண்டார்கள். கெடுதல் ஒரு செல்லிலிருந்து இன்னொரு செல்லுக்குப் போகிறது என்ற முடிவுக்கு ஆய்வாளர்களைத் தள்ளிய பெரிய சான்று அது. ஆனால் அப்போதும் பேச்செல்லாம் நரம்பணுவிலிருந்து நரம்பணுவுக்கு என்பதாகவே இருந்தது. நடுவே இருக்கும் செல்களைக் கணக்கில் எடுத்தவர்கள் சிலரே.

நிறம் பிடிக்காதது

அந்தச் சிலரில் ஜப்பானின் கொய்ச்சி வாகபயாஷி முக்கியமானவர். பார்க்கின்சன் நோயாளிகளின் ஆஸ்ட்ரோசைட்டுகளுக்குள்ளும் ஆலிகோடென்ட்ரோசைட்டுகளுக்குள்ளும் ஆல்ஃபா சினூக்ளின் படிந்திருப்பதை 2000-ம் ஆண்டிலேயே அவர் குழு பதிவு செய்தது. 2007-ல் ஜெர்மனியின் ஹைகோ ப்ராக், முன்மூளையின் ஆஸ்ட்ரோசைட்டுகளில் இந்தப் படிவு நோய் முற்ற முற்ற நரம்பணுப் படிவோடு சேர்ந்தே அதிகமாகிறது என்று காட்டினார். பார்க்கின்சன் மூளைக்குள் படிப்படியாக ஏறும் வழியை ஆறு நிலைகளாகப் பிரித்துக் கொடுத்தவர் இவர். அவர் வார்த்தைக்குத் துறையில் மிகுந்த மதிப்பு உண்டு. இருந்தும் பல ஆய்வகங்கள் அதே மாதிரிச் சீவல்களில் தேடியபோது ஆஸ்ட்ரோசைட்டுகளில் ஒன்றும் தெரியவில்லை. ஒருவர் இருக்கிறது என்றார், இன்னொருவர் இல்லை என்றார்.

காரணம் தேடிய முறையில் இருந்தது. லூயி உருண்டையில் இருக்கும் ஆல்ஃபா சினூக்ளினில் சுமார் 90 சதவீதம், 129-வது இடத்தில் ஒரு பாஸ்பேட்டைச் சுமந்திருக்கும். நல்ல மூளையில் அப்படி இருப்பது மிகக் குறைவு. எனவே அந்தப் பாஸ்பேட்டை மட்டும் குறிபார்த்துப் பிடிக்கும் எதிர்ப்புரதம்தான் உலகெங்கும் ஆய்வகங்களின் வழக்கமான கருவியாகிவிட்டது. அதைச் சீவலில் ஏற்றிப் பழுப்பு நிறம் வந்தால் நோய், வராவிட்டால் இல்லை. 2022-ல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ஹிலால் லஷுவேல் குழுவினரும் லண்டன் ஆய்வாளர்களும் சேர்ந்து, புரதத்தின் வெவ்வேறு பகுதிகளைப் பிடிக்கும் பலவகை எதிர்ப்புரதங்களை வரிசையாக ஏற்றிப் பார்த்தார்கள். ஆஸ்ட்ரோசைட்டுக்குள் இருந்த புரதத்துக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. இரண்டு நுனியும் வெட்டுண்டு, ஒட்டிக்கொள்ளும் தன்மையுள்ள நடுப்பகுதி மட்டும் மிஞ்சியிருந்தது. 129-வது இடம் வாலில்தான் இருக்கிறது. வால் போன பிறகு அதைத் தேடும் எதிர்ப்புரதத்துக்குப் பிடிக்க என்ன இருக்கும்? நடுப்பகுதியைப் பிடிக்கும் எதிர்ப்புரதத்தையும், 39-வது இடத்துப் பாஸ்பேட்டைப் பிடிப்பதையும் ஏற்றியபோது, அதே சீவல்களில் நட்சத்திர வடிவச் செல்கள் கூட்டம் கூட்டமாகப் பழுப்பேறின.

என்னை இந்த ஆராய்ச்சி வெகுவாகப் பாதித்தது. மூளை வங்கிகளில் பல வருடம் பத்திரமாக இருந்த சீவல்கள் அவை. நோயின் ஒரு பெரும்பகுதி எல்லார் கண்ணெதிரிலும் இருந்தது. நரம்பணுவுக்கென்று தேர்ந்தெடுத்த சாயத்தைக் கொண்டு மற்ற செல்களையும் அளந்ததால், இல்லை என்று எழுதிவைத்தோம்.

புரதத்தின் நுனிகள் ஏன் வெட்டுண்டன என்பதற்கும் பொருத்தமான விளக்கம் இருக்கிறது. செல்லுக்குள் லைசோசோம் என்று ஒரு செரிமான அறை உண்டு. விழுங்கிய புரதத்தை அங்கே நொதிகள் இரு நுனியிலிருந்தும் அரித்துக்கொண்டு வருகின்றன. நடுப்பகுதி மட்டும் கெட்டியாக ஒட்டிக்கொண்டு செரிக்காமல் நிற்கிறது. அப்படியானால் நாம் பார்ப்பது, பாதியில் நின்றுபோன ஒரு துப்புரவு வேலை.

குழாய் வழியே கைமாறும் சுமை

ஆஸ்ட்ரோசைட்டுகள் இந்தப் புரதத்தை மிகக் குறைவாகவே தயாரிக்கின்றன. அப்படியிருக்க, இவ்வளவு எங்கிருந்து வந்தது? 2010-ல் தென்கொரியாவின் லீ சுங்-ஜே, அமெரிக்காவின் எலியேசர் மஸ்லியா ஆகியோரின் குழு இதற்கு நேரடியான பதில் சொன்னது. நரம்பணு வெளியே தள்ளும் ஆல்ஃபா சினூக்ளினை ஆஸ்ட்ரோசைட் உள்வாங்குகிறது. உள்வாங்கியதும் அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருட்களைக் கக்கத் தொடங்குகிறது. சுத்தம் செய்ய வந்த செல்லே அக்கம்பக்கத்துக்கு உபத்திரவமாக மாறும் கட்டம் இது.

2017-ல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் அன்னா எர்லண்ட்சனின் குழு, மனிதக் குருத்துச் செல்லிலிருந்து வளர்த்த ஆஸ்ட்ரோசைட்டுகளுக்கு ஒன்றோடொன்று ஒட்டிச் சேர்ந்த ஆல்ஃபா சினூக்ளினைக் கொடுத்து நாள்கணக்கில் பார்த்தது. செல்கள் ஆவலாக விழுங்கின, ஆனால் செரிக்க முடியவில்லை. திணறிய செல்கள் மெல்லிய குழாய்களை நீட்டிப் பக்கத்துச் செல்களைத் தொட்டன. குழாய் வழியே புரதக் கட்டிகள் அங்கே போயின. பதிலுக்கு, நலமாக இருந்த செல்லிலிருந்து மைட்டோகாண்ட்ரியாக்கள் இந்தப் பக்கம் வந்தன. ஒரு செல் தன்னுடைய சக்தி உற்பத்திப் பொறியையே எடுத்துக் கஷ்டப்படும் இன்னொரு செல்லுக்குக் கொடுக்கிறது!

2021-ல் ஜெர்மனியின் பான் நகரில் மைக்கேல் ஹெனெகா குழுவினர் மைக்ரோகிளியாவிலும் இதையே கண்டார்கள். கல்யாண வீட்டில் ஒருவர் தூக்க முடியாத சாம்பார் அண்டாவை நான்கு பேர் கைகொடுத்து நகர்த்துவதுபோல், ஒரு செல்லுக்கு மிஞ்சிய புரதச் சுமையைப் பல செல்கள் பகிர்ந்து எடுத்துக்கொண்டன. பகிர்ந்தபோது செரிமானம் வேகமானது, அழற்சி குறைந்தது, சாகவிருந்த செல்கள் பிழைத்தன. எல்.ஆர்.ஆர்.கே.2 என்ற மரபணுவில் பார்க்கின்சனோடு தொடர்புடைய பிழையைச் சுமந்த மைக்ரோகிளியாக்களால் இந்தப் பகிர்வைச் சரியாகச் செய்ய முடியவில்லை. பார்க்கின்சன் மரபணு என்றதும் நரம்பணுவையே நினைத்துப் பழகிய துறைக்கு இது புதிய திசை காட்டியது.

அதற்கு இரண்டு வருடம் முன்பே பார்சிலோனாவில் அந்தோனெல்லா கொன்சிலியோ குழு செய்த சோதனையையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். அதே எல்.ஆர்.ஆர்.கே.2 பிழை உள்ள நோயாளிகளின் செல்லிலிருந்து ஆஸ்ட்ரோசைட்டுகளை வளர்த்தார்கள். நோயில்லாதவர்களின் செல்லிலிருந்து டோபமின் நரம்பணுக்களை வளர்த்தார்கள். இரண்டையும் ஒரே தட்டில் சேர்த்து வைத்தபோது ஆரோக்கியமான நரம்பணுக்களுக்குள் ஆல்ஃபா சினூக்ளின் குவிந்தது. அவற்றின் கிளைகள் சுருங்கின, செல்கள் செத்தன. மாற்றி வைத்தபோது, அதாவது நோயாளியின் நரம்பணுவோடு ஆரோக்கியமான ஆஸ்ட்ரோசைட்டைச் சேர்த்தபோது, சேதம் ஓரளவு தடுக்கப்பட்டது. எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தில் இதைவிடத் தெளிவான சோதனை இல்லை.

மாத்திரை பிடிக்காதவர்கள்

ஆலிகோடென்ட்ரோசைட்டின் கதை இன்னும் கடுமையானது. நரம்பியல் புறநோயாளிப் பிரிவுகளில் அடிக்கடி காணும் காட்சி இது: லெவோடோபா அடங்கிய சின்டோபா மாத்திரை மாதக்கணக்கில் கொடுத்தும் அப்பாவுக்குப் பெரிய மாற்றமில்லை என்று மகள் சொல்கிறார். எழுந்து நின்றால் தலைசுற்றி விழுந்துவிடுகிறார், சிறுநீர் கட்டுப்படவில்லை, பேச்சு குழறுகிறது. மருத்துவர் சீட்டில் ‘பார்க்கின்சன் ப்ளஸ்’ என்று எழுதுகிறார். அந்தத் தலைப்புக்குள் வரும் நோய்களில் ஒன்று மல்டிபிள் சிஸ்டம் அட்ராபி, சுருக்கமாக எம்.எஸ்.ஏ. பார்க்கின்சனைவிட வேகமாக முற்றும். 1989-ல் லண்டனில் பாப், கான், லாண்டோஸ் ஆகிய மூவர், இந்த நோயாளிகளின் ஆலிகோடென்ட்ரோசைட்டுகளுக்குள் விசித்திரமான படிவுகளைக் கண்டார்கள். அவற்றில் இருப்பதும் ஆல்ஃபா சினூக்ளினே என்று 1998-ல் தெரிந்தது. இங்கே நோயின் அடையாளமே ஆதரவு செல்லுக்குள் இருக்கிறது.

ஒரே புரதம். பார்க்கின்சனில் அது மெதுவாகவும் எம்.எஸ்.ஏ.வில் வேகமாகவும் கெடுதல் செய்வானேன்? 2018-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வர்ஜீனியா லீயின் குழு இரண்டு வகை மூளையிலிருந்தும் புரதக் கட்டிகளைப் பிரித்தெடுத்து ஒப்பிட்டது. ஆதரவு செல்லில் விளைந்த கட்டி, நரம்பணுவில் விளைந்த கட்டியைவிடச் சுமார் 1,000 மடங்கு வீரியத்தோடு நல்ல புரதத்தைக் கெடுத்தது. அதோடு, ஆலிகோடென்ட்ரோசைட்டின் உட்புறச் சூழலே சாதாரணக் கெட்ட புரதத்தை இந்த வீரிய வகையாக மாற்றுகிறது என்றும் காட்டினார்கள். செல் இங்கே வெறும் பாத்திரமாக இருந்து புரதத்தை வாங்கிவைத்துக்கொள்ளவில்லை, அதன் வடிவத்தையே திருத்துகிறது. பின்னர் மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது இரண்டு நோய்களிலும் இழையின் மடிப்பு வெவ்வேறாக இருப்பது படமாகவே கிடைத்தது.

மரபணுக் கணக்கும் இந்தப் பக்கமே சாய்கிறது. 2020-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, பார்க்கின்சன் ஆபத்தைக் கூட்டும் மரபணு மாற்றங்கள் எந்தெந்தச் செல் வகைகளில் குவிகின்றன என்று அலசியது. டோபமின் நரம்பணு எதிர்பார்த்தபடி வந்தது. கூடவே ஆலிகோடென்ட்ரோசைட்டும் வந்தது.

கலிபோர்னியாவின் பாடம்

ஆதரவு செல்லைச் சந்தேகிக்க 1982-லேயே ஒரு காரணம் கிடைத்திருந்தது. கலிபோர்னியாவில் சான் ஹோசே வட்டாரத்தில், திருட்டுத்தனமாகத் தயாரித்த போலி ஹெராயினை ஊசியில் ஏற்றிக்கொண்ட இளைஞர்கள் சிலர் சில நாட்களில் கல்லாய் உறைந்தார்கள். பேச்சில்லை, அசைவில்லை. நரம்பியல் மருத்துவர் வில்லியம் லாங்ஸ்டன் அவர்களுக்குப் பார்க்கின்சன் மருந்தான லெவோடோபா கொடுத்தார், அசைவு திரும்பியது. அந்தப் பொடியில் எம்.பி.டி.பி. என்ற கலப்படம் இருந்தது. அதைத் தனியாக நரம்பணுவின்மேல் ஊற்றினால் பெரிய கெடுதல் இல்லை. மூளைக்குள் போனதும் ஆஸ்ட்ரோசைட்டுகளில் இருக்கும் எம்.ஏ.ஓ.-பி என்ற நொதி அதை விஷமாக மாற்றுகிறது. அந்த விஷத்தை டோபமின் நரம்பணு தானே உள்ளிழுத்துச் சாகிறது. இன்று பல நோயாளிகள் சாப்பிடும் ராசாஜிலின், செலிஜிலின் மாத்திரைகள் தடுப்பது இதே நொதியைத்தான்.

அந்த இளைஞர்களில் மூவர் பிற்பாடு இறந்து, அவர்களுடைய மூளை ஆராயப்பட்டது. விஷம் ஏறி 3 முதல் 16 வருடங்கள் கழிந்திருந்தன. லூயி உருண்டைகள் இல்லை. ஆனால் மிச்சமிருந்த நரம்பணுக்களைச் சுற்றி மைக்ரோகிளியாக்கள் இன்னும் மொய்த்துக்கொண்டிருந்தன. ஒருமுறை பட்ட அடிக்கு இத்தனை வருடம் கழித்தும் அழற்சி ஓயவில்லை. கனடாவின் பாட்ரிக் மெக்கீர் 1988-ல் சாதாரணப் பார்க்கின்சன் மூளைகளிலேயே இதைக் கண்டு எழுதியிருந்தார். செத்த செல்லை அள்ள வந்தவை என்று அப்போது பலர் அதை ஒதுக்கிவிட்டார்கள்.

மருந்து எங்கே நிற்கிறது

பார்க்கின்சனுக்கு நம்மிடம் இருக்கும் மிகச்சிறந்த மருந்து இன்றும் லெவோடோபாதான். அதன் வரலாற்றில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. 1937-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தாமோதரன், ராமசாமி இருவரும் பூனைக்காலி விதையிலிருந்து எல்-டோபாவை, அதாவது லெவோடோபாவை, பிரித்தெடுத்தார்கள். அது எதற்குப் பயன்படும் என்று யாருக்கும் தெரியாத காலம். இருபது வருடம் கழித்து ஸ்வீடனில் அர்விட் கார்ல்சன், ரெசர்பின் கொடுத்து முடங்கவைத்த முயல்களுக்கு எல்-டோபா செலுத்தி எழுப்பி நடக்கவைத்தார். ரெசர்பினும் நம் சர்ப்பகந்தா வேரிலிருந்து எடுத்ததே. 2000-ல் கார்ல்சனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இதைப் படித்துவிட்டுப் பூனைக்காலிப் பொடியை வாங்கி மாத்திரைக்குப் பதிலாகக் கொடுக்கத் தொடங்கிவிடாதீர்கள். விதைக்கு விதை அளவு மாறும், மருந்தோடு சேர்ந்தால் அளவு மீறும்.

லெவோடோபா குறைந்த டோபமினை ஈடுகட்டுகிறது. புரதம் படிவதையோ நரம்பணு சாவதையோ நிறுத்துவதில்லை. ஆல்ஃபா சினூக்ளினைப் பிடித்து அகற்றும் எதிர்ப்புரத மருந்துகள் இரண்டின் சோதனை முடிவுகள் 2022-ல் வந்தன. இரண்டும் முக்கிய இலக்கை எட்டவில்லை. ரத்தத்தில் ஏற்றும் எதிர்ப்புரதம் செல்லுக்கு வெளியே திரியும் புரதத்தைப் பிடிக்கும். ஆஸ்ட்ரோசைட்டின் செரிமான அறைக்குள் நுனி இழந்து கிடப்பதை அது எப்படித் தொடும்? தோல்விக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனாலும் இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது.

இன்னொரு முயற்சி ஆதரவு செல்லை நேராகக் குறிவைத்தது. அழற்சி மிகுந்த மைக்ரோகிளியா, ஆஸ்ட்ரோசைட்டை நரம்பணுவைக் கொல்லும் நிலைக்குத் தள்ளுகிறது என்று 2017-ல் ஷேன் லிடெலோவும் பென் பாரஸும் காட்டினார்கள். சர்க்கரை நோய்க்கான ஜி.எல்.பி.-1 வகை மருந்து ஒன்று இந்த மாற்றத்தை எலிகளில் தடுத்தது. எதிர்பார்ப்பு உச்சத்துக்குப் போனது. 2024-ல் அந்த மருந்தையே 255 நோயாளிகளிடம் சோதித்தபோது பலன் தெரியவில்லை. அதே ஆண்டு பிரான்சில் 156 பேரிடம் லிக்சிசெனடைடு சோதிக்கப்பட்டது. ஒரு வருட முடிவில் மருந்து பெற்றவர்களின் அசைவுக் கோளாறு ஏறக்குறைய அப்படியே நின்றது, மற்றவர்களுக்கு 3 புள்ளி மோசமானது. மருந்து பெற்றவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குக் குமட்டல். 2025-ல் பிரிட்டனில் 194 பேரிடம் 96 வாரம் எக்செனடைடைச் சோதித்த பெரிய ஆய்வு மீண்டும் தோல்வி. எடை குறைக்க இந்த வகை ஊசிகள் நம் ஊரிலும் பரவிவருகின்றன. பார்க்கின்சனுக்காக அவற்றைத் தாமாகப் போட்டுக்கொள்ள இன்றைய ஆதாரம் போதாது.

இந்தத் தோல்விகளால் ஆதரவு செல்லை மறந்துவிட வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஒரே நோய்ப்பெயருக்குக் கீழ் வரும் எல்லாருக்கும் ஒரே செல்லில் ஒரே அளவு படிவு இருப்பதில்லை. யாருடைய மூளையில் எந்தச் செல் நிரம்பியிருக்கிறது என்று உயிரோடு இருக்கும்போதே தெரிந்தால்தான் யாருக்கு எந்த மருந்து என்று பிரிக்க முடியும். அந்த வழியில் முதல் அடி வைக்கப்பட்டுவிட்டது. லோசானில் உள்ள ஏ.சி. இம்யூன் நிறுவனம் உருவாக்கிய ஒரு பெட் ஸ்கேன் சாயத்தை ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழக மருத்துவர்கள் நோயாளிகளிடம் சோதித்து, 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். எம்.எஸ்.ஏ. நோயாளிகளின் சிறுமூளை வெண்பகுதியில், ஆலிகோடென்ட்ரோசைட்டுகள் நிறைந்த இடத்தில், சாயம் பிடித்தது. பார்க்கின்சன் நோயாளிகளிடம் அப்படி வேறுபடுத்திக் காட்டவில்லை. ஆஸ்ட்ரோசைட்டுக்குள் வெட்டுண்டு கிடக்கும் வகையைப் பிடிக்கும் சாயம் இனிமேல்தான் வரவேண்டும்.

அதைச் செய்ய ஆய்வகங்களுக்கு முதலில் வேண்டியது மனித மூளைத் திசு. பெங்களூர் நிம்ஹான்ஸில் 1995 முதல் மூளை வங்கி இயங்குகிறது. இந்தியர்களின் கருப்புப் பட்டையில் நரம்பணு எண்ணிக்கை ஐரோப்பியர்களைவிடக் குறைவு, ஆனால் வயதாக வயதாகக் குறைந்துகொண்டே போவதில்லை என்று அங்கே உதய் முத்தனே, எஸ்.கே. சங்கர் ஆகியோர் 1998-லேயே காட்டினார்கள். அதே பட்டையில் முதுமையில் ஆஸ்ட்ரோசைட்டும் மைக்ரோகிளியாவும் எப்படி உருமாறுகின்றன என்பதை பல்குனி அல்லாடியின் குழு பின்னர் ஆராய்ந்தது. நம் மக்களின் மூளைகளில் இந்தப் புதிய எதிர்ப்புரதங்களை ஏற்றிப் பார்க்கும் வேலை பெரிய அளவில் நடக்க வேண்டும். அதற்கு நோயாளிகளின் மூளையும், நோயில்லாதவர்களின் மூளையும் தேவை. கண்தானம்போலவே இறந்த சில மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும் என்பதால், விருப்பமுள்ளவர்கள் வீட்டாரிடமும், வழக்கமாகப் பார்க்கும் நரம்பியல் மருத்துவரிடமும் முன்கூட்டியே சொல்லிவைப்பது அவசியம். நெருங்கிய உறவினரின் சம்மதம் இல்லாமல் எடுக்கமாட்டார்கள்.